சுவரை உரசிப் போகும் வண்டிகள்: மேன் தீவு டிடி பந்தயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடா வருடம் மே மாதக் கடைசியில் யாராவது ஒருவர் எனக்கு அதே மாதிரி வீடியோவை அனுப்பிவிடுவார். குறுகலான ஊர்த் தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். சர்ரென்று ஒரு பைக் வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்திருக்கும். அதன் கீழே ஒரு கேள்வி இருக்கும். மெக்கானிக் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படுவதும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இது நிஜமா, கிராஃபிக்ஸா? நிஜம்னா எங்க நடக்குது?

நிஜம்தான். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில், ஐரிஷ் கடலில் மேன் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் இரண்டு வாரம் நடக்கும் பந்தயத்துக்கு டூரிஸ்ட் டிராஃபி என்று பெயர். சுருக்கமாக டிடி. 1907இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களின் போதும், கால்நடைகளுக்குக் கோமாரி பரவிய 2001லும், கொரோனாவால் 2020, 2021லும் நடக்கவில்லை.

இதற்கென்று தனி மைதானம் கிடையாது. பால்காரரும் பள்ளிக்கூடப் பேருந்தும் போகும் ரோட்டைச் சில மணி நேரம் அடைத்துவிட்டு அதிலேயே ஓட்டுகிறார்கள். தலைநகர் டக்ளஸில் கிளம்பி, ஊர்களுக்குள் புகுந்து, ராம்சி என்ற கடலோர ஊரைத் தொட்டு, ஸ்னேஃபெல் மலைமேல் ஏறி, மறுபடி டக்ளஸுக்கு இறங்கினால் ஒரு சுற்று. 60.7 கிலோமீட்டர், இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள்.

எவ்ளோ ஸ்பீடு போவாங்க? வீடியோவ வேகமா ஓட்டி ஏமாத்துறாங்களோன்னு ஒரு சந்தேகம்.

ஏமாற்று இல்லை. 2023இல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி மணிக்கு 219 கிலோமீட்டர். சராசரி என்பதைக் கவனியுங்கள்: கொண்டை ஊசி வளைவு, ஊர்முக்குத் திருப்பம், மலையேற்றம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 219. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் தூரத்தை நாம் திருவான்மியூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். சல்பி என்ற இடத்தில் நேர்ப்பாதை வரும்போது 300ஐத் தாண்டிவிடுவார்கள்.

1907இல் ஜெயித்த சார்லி காலியரின் சராசரி சுமார் 61 கிலோமீட்டர்தான். ஒரு சுற்றில் மணிக்கு 100 மைல் என்ற கணக்கை 1957இல் பாப் மெகின்டயர் முதலில் தொட்டார். 130 மைலைத் தொட்டது 2007இல் ஜான் மெக்கின்னஸ். அரை நூற்றாண்டில் 30 மைல்தான் கூடியிருக்கிறது. வண்டிகள் அதைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டன. பாதையோரச் சுவர்கள் நகரவில்லை.

மோட்டோஜிபியும் இதுவும் ஒண்ணுதானே?

ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. 1949இல் உலக சாம்பியன்ஷிப் (இன்றைய மோட்டோஜிபி) தொடங்கியதிலிருந்து 1976 வரை டிடியும் அதில் ஒரு பந்தயம். பின்னால் பிரிந்ததற்குக் காரணம் சாவு. அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது இரண்டும் வேறு வேறு. மோட்டோஜிபி நடப்பது பந்தயத்துக்காகவே கட்டிய தடத்தில். ரைடர் விழுந்தால் சரளைக் கற்களில் சறுக்கிப் போய் நிற்பார், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பார். டிடியில் சறுக்குவதற்கு இடமே கிடையாது. கல் சுவர், விளக்குக் கம்பம், தேவாலய மதில், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி இவைதான் இருக்கும். ஆபத்தான இடங்களில் வைக்கோல் கட்டும் காற்றடைத்த தடுப்பும் வைக்கிறார்கள். 60 கிலோமீட்டர் முழுக்க வைக்க முடியுமா?

இங்கிலாந்துல எவ்வளவோ ரோடு இருக்கு. ஏன் ஒரு தீவுக்குப் போனாங்க?

சட்டம்தான் காரணம். அந்தக் காலத்தில் பிரிட்டனில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். பொதுச் சாலையில் பந்தயம் கூடவே கூடாது. மேன் தீவு பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தாலும் அதற்குத் தனி நாடாளுமன்றம் உண்டு, டின்வால்ட் என்று பெயர். 1904இல் கார் பந்தயத்துக்காகச் சாலையை அடைக்க அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். பைக்காரர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

நம்மவர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது. முதல் பந்தயத்திலேயே மைலேஜ் விதி இருந்தது! ஒற்றை சிலிண்டர் வண்டி ஒரு கேலனுக்கு 90 மைல் கொடுக்க வேண்டும், இரட்டை சிலிண்டர் 75. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 32, 27 கிலோமீட்டர். சைலன்சரும் மட்கார்டும் கட்டாயம். மேட்டில் மிதித்து ஏற்றப் பெடல்கூட வைத்துக்கொள்ளலாம். வீட்டு உபயோக வண்டி என்று நிரூபிக்கத்தான் டூரிஸ்ட் என்ற பெயரே. மலைப்பாதைக்கு மாறியது 1911இல்.

எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பாம ஒவ்வொருத்தரா கிளம்புறாங்களே, அப்புறம் யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?

பத்து விநாடிக்கு ஒருவரை அனுப்புவார்கள். தோளில் தட்டியதும் கிளம்ப வேண்டியதுதான். போட்டி கடிகாரத்தோடு. முன்னால் போகிறவர் முன்னிலையில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஆறாவதாகக் கிளம்பியவர் மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தாலும் நேரக் கணக்கில் முதலிடம் அவருக்குக் கிடைக்கலாம். இந்தக் குறுகலான தெருவில் நாற்பது பேரை ஒன்றாக அவிழ்த்துவிட முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

ரைடருக்கு நிலவரம் தெரிவது வேடிக்கையாக இருக்கும். அவருடைய ஆட்கள் வழியில் எங்காவது சிலேட்டுப் பலகை மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனையாவது இடம், எத்தனை விநாடி வித்தியாசம் என்று அதில் எழுதியிருக்கும். 250இல் போகும்போது அதைப் படிக்க வேண்டும்.

கடையில விக்கிற வண்டியா, இதுக்குன்னு செஞ்சதா?

கிட்டத்தட்ட கடை வண்டிதான். பெரிய பிரிவுகளில் 1000 சிசி. சூப்பர்பைக் பிரிவில் நிறைய மாற்றிக்கொள்ளலாம், சூப்பர்ஸ்டாக்கில் கொஞ்சம்தான். அப்புறம் 600 சிசியை ஒட்டிய சூப்பர்ஸ்போர்ட், மூன்று சக்கர சைட்கார். மேலே சொன்ன ஹிக்மனின் சாதனை சூப்பர்ஸ்டாக் பிஎம்டபிள்யூவில் வந்தது. ஷோரூமிலிருந்து அதிகம் விலகாத வண்டிதான் இன்றைக்கு அந்தப் பாதையில் அதிவேகம் ஓடியது. இருநூறு குதிரைத்திறனுக்கு மேல். நம் ஊர் 100 சிசி வண்டிக்கு எட்டுச் சொச்சம்.

ஆனால் தடத்தில் ஓட்டும் அமைப்பை அப்படியே கொண்டுவந்தால் ஆகாது. இது சாலை: மேடு, பள்ளம், ஒட்டுப்போட்ட இடம், நடுவில் வெள்ளைக் கோடு. சஸ்பென்ஷனை இளக்கமாக வைப்பார்கள். கைப்பிடி உதறி எகிறாமலிருக்க ஸ்டீயரிங் டேம்பர் இருக்கும். பிரே ஹில் என்ற இறக்கத்தில், இருபுறமும் வீடுகள் இருக்கும் தெருவில், 250க்கு மேல் இறங்குவார்கள். அடிவாரத்தில் வண்டியின் வயிறு தார் ரோட்டில் இடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நம் முதுகெலும்பு வலிக்கும்.

பெட்ரோல் எப்பப் போடுவாங்க? மைலேஜ் என்ன தரும்?

இதைக் கேட்காமல் யாருமே போனதில்லை. லிட்டருக்கு ஐந்தோ ஆறோ. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து குழாய் வழியாக நிரப்புவார்கள். அந்த நேரத்திலேயே பின் டயரை மாற்றி, ஹெல்மெட் கண்ணாடியில் செத்து ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் துடைத்துவிடுவார்கள். பெட்ரோல் போட நிறுத்தும் பிட் பகுதிக்குள் வேகம் 60ஐத் தாண்டினால் தண்டனை நேரம் கூடும். சீனியர் என்ற பெரிய பந்தயம் ஆறு சுற்று, 364 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சேலம் வரைக்கும் என்று வையுங்கள். 2018இல் இதே ஹிக்மன் அதை ஒரு மணி 43 நிமிடத்தில் முடித்தார்.

இவ்வளவு வளைவ எப்படி ஞாபகம் வெச்சுக்கறாங்க?

என்னைக் கேட்டால் இந்தப் பந்தயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தைரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர், ஞாபகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. முக்கால்வாசி வளைவுகளில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திருப்பினால் நேரம் போதாது. ஆகவே எந்த மரத்தைப் பார்த்ததும் சாய வேண்டும், எந்த வீட்டுக் கதவு வந்ததும் பிரேக்கை விட வேண்டும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். ஓதுவார் பதிகம் பாடுவதுபோல அடுத்த அடி தானாக வர வேண்டும்.

புதியவர்கள் மாதக்கணக்கில் வீடியோ பார்ப்பார்கள், காரில் பத்துமுறை இருபதுமுறை சுற்றுவார்கள். முதலில் பழைய ரைடர் ஒருவர் முன்னால் போக, அவர் பின்னாலேயே கட்டுப்பட்ட வேகத்தில் ஓட்ட வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் குவேல். தீவிலேயே பிறந்தவர், 2002இல் ஜெயித்தவர். 2003இல் பல்லஸ்பர் என்ற இடத்தில் சுவரில் தோள் இடித்துத் தூக்கியெறியப்பட்டார், பிழைத்துக்கொண்டார். அந்தக் காட்சி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்தப் பாடத்தை நடத்த அவரைவிடத் தகுதியான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

ஒரு பாலத்துல வண்டி அப்படியே பறக்குதே, அது வேணும்னே செய்யறதா?

பல்லாஃப் பாலம். முதுகு தூக்கிய சின்னக் கல் பாலம் அது, எந்த வேகத்தில் போனாலும் கொஞ்சம் தூக்கத்தான் செய்யும். வேண்டுமென்று யாரும் பறப்பதில்லை. பறக்கும் நேரத்தில் என்ஜின் தள்ளாது, பிரேக் பிடிக்காது, திருப்பவும் முடியாது. ஆகையால் நன்றாக வேகத்தைக் குறைத்து, நேராக ஏறி, பின்சக்கரம் முதலில் தரை தொடும்படி இறங்குவார்கள். படத்தில் பயங்கரமாகத் தெரியும் இந்த இடம் உண்மையில் மெதுவான இடங்களில் ஒன்று. பயப்பட வேண்டிய வளைவுகள் படத்தில் சாதுவாகத் தெரியும்.

மூணு சக்கர வண்டில ஒருத்தர் தொங்கிட்டே வர்றாரே, அவருக்கு என்ன வேலை?

அவர் இல்லாவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடும். சைட்கார் வண்டி சாயாது. அதனால் வலது வளைவில் ஒரு பக்கம், இடது வளைவில் மறுபக்கம் என்று உடம்பையே எடையாகப் போட்டு வண்டியைத் தரையில் அழுத்திவைக்கிறார். தலைக்கும் ரோட்டுக்கும் சில அங்குலம்தான் இருக்கும். அவரும் அத்தனை வளைவையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 2023இல் பென் பர்ச்சால், டாம் பர்ச்சால் என்ற அண்ணன் தம்பி முதன்முறையாக இதில் சராசரி 120 மைலைத் தாண்டினார்கள். ஓட்டியவர் அண்ணன், தொங்கியவர் தம்பி.

இதுவரைக்கும் எத்தனை பேர் செத்திருக்காங்க?

1911லிருந்து அந்த மலைப்பாதையில் 260க்கும் மேற்பட்ட ரைடர்கள் இறந்திருக்கிறார்கள். பயிற்சியின்போது இறந்தவர்களும், அதே பாதையில் நடக்கும் மேங்ஸ் கிராண்ட் பிரீ பந்தயத்தில் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. 2022 டிடியில் மட்டும் 6 பேர். அவர்களில் இரண்டு பேர் ஒரே சைட்காரில் வந்த அப்பாவும் மகனும். 2024இல் ஒருவரும் இறக்கவில்லை. அப்படி ஒரு வருடம் அமைந்தால் அதுவே பெரிய செய்தி. பார்க்க வந்தவர்களும் இறந்ததுண்டு: 2007இல் ஒரே விபத்தில் ரைடரோடு பார்வையாளர் இருவர் போனார்கள்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. பாதையைக் கண்காணிக்கும், சம்பளம் வாங்காத மார்ஷல்கள் நூற்றுக்கணக்கில் வழிநெடுக நிற்கிறார்கள். போதுமான ஆள் சேராவிட்டால் பந்தயமே தொடங்காது. ஹெலிகாப்டரில் மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். மலையில் மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்க முடியாது, அப்போது எல்லாரும் டீ குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். என்ன செய்தும் கல் சுவர் கல் சுவர்தான்.

இவ்ளோ பேர் செத்தும் ஏன் சார் தடை பண்ணல?

மேலே விட்ட கதையை இங்கே முடிக்கிறேன். 1972இல் மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் இத்தாலியர் ஜில்பெர்த்தோ பார்லோட்டி மலையில் விழுந்து இறந்தார். அவருடைய நண்பர் ஜாகோமோ அகோஸ்தினி அங்கே 10 முறை ஜெயித்த ஜாம்பவான். இனி இங்கே ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், மற்ற பெரிய தலைகளும் விலகினார்கள். 1976க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து டிடி போனது. அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பின் பிரிட்டிஷ் பந்தயம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்துக்கு மாறியது.

அதற்கு முன்னால் சாம்பியன் ஆக வேண்டுமானால் பயந்தாலும் அங்கே ஓட்டியாக வேண்டும். அது நியாயமில்லை, அகோஸ்தினி பக்கம்தான் நான். இப்போது யாருக்கும் கட்டாயம் கிடையாது. வராவிட்டால் எந்தப் புள்ளியும் போகாது. வருகிறவர் எல்லாம் தெரிந்தே வருகிறார். தீவுக்கோ அது வருமானம், நூறு வருட அடையாளம். எண்பதாயிரம் சொச்சம் பேர் இருக்கும் ஊருக்கு நாற்பதாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள்.

இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தருவதில்லை. ரைடர் சம்மதித்து வருகிறார், சரி. வீட்டில் காத்திருப்பவரிடம் யார் கேட்டார்கள்? அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஒரே குடும்பத்துல எல்லாரும் ரேஸ்ல செத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

எல்லாரும் இல்லை, மூன்று பேர். வட அயர்லாந்தின் பாலிமணி ஊரைச் சேர்ந்த டன்லப் குடும்பம். மூத்தவர் ஜோயி டன்லப், மதுக்கடை நடத்தியவர், கூச்ச சுபாவி. டிடியில் 26 முறை ஜெயித்தார். பந்தயம் இல்லாத நாட்களில் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போய் ருமேனியாவின் அனாதை இல்லங்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார். 2000 ஜூனில், 48 வயதில், டிடியில் மூன்று பந்தயம் ஜெயித்தார். அடுத்த மாதமே எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஒரு சாலைப் பந்தயத்தில் இறந்தார்.

2008இல் அவர் தம்பி ராபர்ட் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 பந்தயத்துக்கான பயிற்சியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, அதே பந்தயத்தில், அதே பிரிவில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் ஓட்டி ஜெயித்தார். மைக்கேலின் அண்ணன் வில்லியம் 2018இல் அயர்லாந்தின் ஸ்கெரீஸ் பந்தயப் பயிற்சியில் போனார். மைக்கேல் நிற்கவில்லை. 2024இல் பெரியப்பாவின் 26ஐத் தாண்டி, அந்த வருடமே 29க்குப் போய்விட்டார். இதைக் கேட்டு ஆச்சரியப்படுவதா, கோபப்படுவதா என்று என் மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூவரில் ஒருவர்கூட மேன் தீவில் இறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொண்ணுங்க ஓட்டறதில்லையா?

ஓட்டுகிறார்கள். 1954இல் ஜெர்மனியின் இங்கே ஷ்டோல் சைட்காரில் தொங்கும் வேலையை ஏற்றார். 1962இல் பெரில் ஸ்வெய்ன் 50 சிசி பந்தயத்தில் தனியாக ஓட்டி முடித்தார். பாராட்டவில்லை. பெண்ணுக்கு ஆபத்து என்று சொல்லி அவருடைய சர்வதேச உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆண்கள் வருடா வருடம் செத்துக்கொண்டிருந்த இடத்தில் இந்த அக்கறை! 2010இல் ஜென்னி டின்மவுத் சராசரி சுமார் 193 கிலோமீட்டரில் ஒரு சுற்று ஓட்டினார்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஒன்று நன்றாகவே உண்டு. 1907 முதல் பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் ஜெயித்தது நார்ட்டன் வண்டியில். அந்த நார்ட்டனை 2020இல் வாங்கியது நம் டிவிஎஸ். ஓசூர்த் தொழிற்சாலை வாசலில் டீ குடிப்பவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1992இல் ஸ்டீவ் ஹிஸ்லப்பும் கார்ல் ஃபோகார்ட்டியும் விநாடிக் கணக்கில் மோதிய சீனியர் பந்தயத்தை இன்றும் பேசுகிறார்கள். அதில் ஹிஸ்லப் ஜெயித்ததும் நார்ட்டனில்தான்.

அப்போ ராத்திரில ஈசிஆர்ல பசங்க ஓட்டறது மட்டும் ஏன் தப்பு? அதுவும் ரோடு, இதுவும் ரோடு.

என் அக்கா பையன் கேட்டது. டிடியில் ரோடு அடைக்கப்பட்டிருக்கிறது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ஹெட்லைட் இல்லாத டிவிஎஸ் 50 வராது. விழுந்தால் அடுத்த நிமிடம் ஆள் ஓடி வருவார். மேலே சொன்ன மனப்பாடமும் இருக்கும். இவ்வளவும் இருந்தே அத்தனை பேர் போயிருக்கிறார்கள். ஈசிஆரில் இதில் எதுவும் கிடையாது. சாகப்போவது ஓட்டுகிறவன் மட்டுமில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு தடுப்பதும் மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாத பந்தயத்தைத்தான். அனுமதியோடு 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டை அடைத்து ஃபார்முலா 4 கார்கள் ஓடினதே.

கை அரித்தால் இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. ஒரு நாள் கட்டணம் கட்டி ஓட்டினால் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

நேர்ல போய்ப் பாக்கணும்னா?

படகும் தங்கும் அறையும் ஒரு வருடத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். பலர் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பந்தய ஓட்டம் நடக்காத நாட்களில் அதே பாதையில் பொதுமக்களும் ஓட்டலாம், மலைப் பகுதியை அப்போது ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் வேக வரம்பே கிடையாது. 2022 வரை நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட நாள், அதற்குப் பைத்தியக்கார ஞாயிறு என்றே பெயர். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் இந்த மாதிரி நாட்களில் மட்டும் நடந்து போவது உத்தமம்.

ரோடு அடைத்த பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியாது, வேலியோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். டக்ளஸிலிருந்து காசில்டவுன் போகும் வழியில் தேவதைப் பாலம் என்று ஒன்று வரும். அதைக் கடக்கும்போது தேவதைகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். பந்தயத்துக்கு முன்னால் ரைடர்களே மெனக்கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்கள். நீங்களும் சொல்லிவிடுங்கள்.